லுட்விக்கின் தாங்குகோல்

"அவர் குறி தப்பணும், அண்ணே. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

சொல்லிவிட்டு மால்கா பட்டறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெளியே குஸ்தலின் கோழிகள் மட்டும்தான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆனாலும் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை. மான் எதிர்ல நிக்கிறப்ப குண்டு வேற எங்கயாவது போகணும். அதுக்கப்புறம் அவரே துப்பாக்கியைக் கழட்டி வச்சிடுவார்."

 குஸ்தலின் முன்னால் மேஜையில் நான்கு ஹேசல் மரக் கழிகள் கிடந்தன. போன குளிர்காலத்தில் வெட்டி, அடுப்புக் குழாய்க்கு மேலே கட்டித் தொங்கவிட்டு உலர்த்தியவை. இரண்டிரண்டாகக் கத்தரிபோல் சேர்த்து ஆணி முடுக்கினால், முன்னால் ஒரு கவட்டை, பின்னால் ஒரு கவட்டை. துப்பாக்கியின் முன்பாகம் ஒன்றிலும் பின்கட்டை மற்றதிலும் உட்கார்ந்துகொள்ளும். சுடுகிறவன் கை நடுங்கினாலும் குழல் நடுங்காது. கடையிலும் கிடைக்கிறதுதான், அலுமினியத்தில். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கடைக் கோலோடு காட்டுக்குள் போக மாட்டார்கள். கிலுகிலுவென்று சத்தம் போடும் என்பார்கள். அவமானம் என்பதுதான் நிஜமான காரணம்.

இந்தக் கோலைச் செய்யச் சொன்னவன் மால்காவின் கணவன் லுட்விக்.

லுட்விக்கின் கைகள் இரண்டு வருடமாக நடுங்குகின்றன. முதலில் காப்பிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது. பிறகு சட்டைப் பொத்தான். போன மாதம் மானுக்குக் குறிவைத்த குண்டு ஊர்க்காரன் பெர்னார்டின் டிராக்டர் விளக்கை உடைத்துக்கொண்டு போனது. பெர்னார்ட் அப்போது டிராக்டருக்கு மறுபக்கம் ஒதுங்கி நின்று ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தான். மதுக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். லுட்விக் உள்ளே வந்ததும் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"நேரா சொல்லிடலாமே, மால்கா?"

"யாரு சொல்றது? டாக்டர் சொன்னார். இவர் டாக்டரையே மாத்திட்டார். நீங்க சொல்வீங்களா?"

குஸ்தல் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல மாட்டான். அந்த ஊரில் யாருமே சொல்ல மாட்டார்கள். வேட்டைச் சங்கத்தை அவர்கள் 'குடும்பம்' என்றுதான் அழைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவனைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வேட்டைக்காரர்களின் காவலர் புனித ஹூபர்ட் திருநாள் விருந்தில், அவனாக எழுந்து, இனி வேட்டை இல்லை என்று தொப்பியை மேஜைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுவரை எல்லோரும் காத்திருப்பார்கள். அவன் யாரையாவது கொன்றாலும் சரி, தானே செத்தாலும் சரி.

"நீங்க செய்யிற கோல் மேல அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை," என்றாள் மால்கா. "அதுல வச்சுச் சுட்டுத் தப்பினா பழி கோல் மேல போகாது. தன் கை மேலதான் போகும். அதுதான் வேணும்."

"இது ஏமாத்து வேலை."

"பொணமாத் தூக்கிட்டு வர்றதுக்கு ஏமாத்து தேவலை, அண்ணே. அவர் பொணமோ, வேற எவன் பொணமோ."

 அவள் போன பிறகு குஸ்தல் எழுந்து, சிறிய உருண்டை அரத்தை எடுத்தான்.

முன்கவட்டையின் ஆணித் துளையை மெல்ல நீளவாக்கில் ராவினான். விரல் கனம் போதும். ராவிய இடத்தில் மெழுகு தேய்த்து அடைத்தான். மேலே மான்தோல் வளையத்தை ஒட்டினான். வெளியே எதுவும் தெரியவில்லை. தன் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் வைத்துச் சாய்ந்து பார்த்தான். கோல் கல்தூண் மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். மூச்சை அடக்கிக் காத்திருந்தான். திடீரென்று உள்ளே மெழுகு இளகி, கவட்டை ஒரு விரல் அளவு சரிந்தது. சத்தமே இல்லை. துப்பாக்கி பிடித்தவனுக்குத் தன் கைதான் இழுத்துவிட்டது என்று தோன்றும்.

சட்டென்று சுடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. நெடுநேரம் குறிபார்க்கிறவனுக்குத்தான் ஆகும். நடுக்கம் அடங்கட்டும் என்று காத்துக் காத்துச் சுடுகிறவன் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான்.

மெழுகை மறுபடி அடைத்து வைத்துவிட்டுக் குஸ்தல் கை கழுவப் போனான். சோப்பு போட்டுக் கழுவினான். பிறகு இன்னொரு தடவை கழுவினான்.

ஞாயிறு காலை. ஊரே பூசைக்குப் போயிருந்தது. குஸ்தலும் லுட்விக்கும் புல்வெளி ஓரம், ஓக் மரத்தடியில் நின்றார்கள். ஸ்னெஷ்னிக் மலையின் தலை மேகத்துக்குள் இருந்தது. புல்வெளி முடிகிற இடத்தில் பூமி பெரிய கிண்ணம்போல் குழிந்து இறங்கும். அந்தக் குழி முழுக்கக் கருமுள் புதர். குழியின் மறுகரையில் கோயிலிலிருந்து ஊருக்கு வரும் குறுக்குப் பாதை.

"காலுக்கு என்னடா போட்டிருக்கே?" லுட்விக் கோலைத் திருப்பிப் பார்த்தான்.

"ஊன்றுகோல் ரப்பர். மருந்துக்கடையில வாங்கினேன்."

"நொண்டிக்குப் போடுற செருப்பை எனக்கு மாட்டிட்டியா? மால்கா பாத்தா அடுத்து சக்கர நாற்காலிதான்னு முடிவே பண்ணிடுவா." சிரித்தான். "நல்லாருக்குடா. வேற எவனுக்கும் இந்தக் கை வராது."

குஸ்தல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொடுத்துக்கொண்டான். முகத்தை மறைக்க அது வசதியாக இருந்தது. ஓர் ஆண்மான் இந்த நேரத்துக்குப் புல்வெளிக்கு வரும். தினமும் வருகிறது. லுட்விக் சுடுவான், குண்டு மண்ணில் குத்தும், மான் துள்ளிக் குதித்து ஓடிவிடும். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை அவன் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தான்.

மான் வரவில்லை.

முள்புதரின் விளிம்பு அசைந்தது. கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. முதலில் முகம், பிறகு தோள், பிறகு இன்னும் தோள். ஒற்றைக் காட்டுப்பன்றி. கோடை முழுக்கச் சோளக்கொல்லைகளை உழுது போட்டது இதுதான். கோரைப்பற்கள் கீழுதட்டை விலக்கிக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தன.

"விட்டுடு," என்று குஸ்தல் கிசுகிசுத்தான்.

"பைத்தியமா உனக்கு?"

"லுட்விக், இது வேண்டாம். மான் வரட்டும்."

"வாயை மூடு."

லுட்விக் கோலை நகர்த்தி ஊன்றினான். துப்பாக்கியைக் கவட்டைகளில் வைத்தான். குழல் அசையாமல் நின்றது. கன்னத்தைக் கட்டையில் பதித்தான். பின்விசையை இழுத்து வைக்கும் 'க்ளிக்' கேட்டது. அதன்பின் முன்விசையில் ஒரு முடி பட்டால் போதும், வெடித்துவிடும்.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. குஸ்தல் தொலைநோக்கியை இறக்கினான். என்னவென்று சொல்வது? 'நான் உன் கோலைக் கெடுத்து வைத்திருக்கிறேன்' என்றா? 'உன் பெண்டாட்டி கேட்டாள்' என்றா? ஒருவேளை இவன் இன்றைக்குச் சீக்கிரம் சுட்டுவிடுவான்.

லுட்விக் சீக்கிரம் சுடவில்லை. நடுக்கம் அடங்கக் காத்திருந்தான். கோலின் மேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

குழல் சரிந்ததும் வெடித்ததும் ஒரே நேரம்.

பன்றி பின்னங்கால்களில் உட்கார்ந்தது. பிறகு எழுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், முள்புதருக்குள் நுழைந்தது. புதர் மூடிக்கொண்டது.

லுட்விக் அப்படியே நின்றான். துப்பாக்கி இன்னும் கவட்டையில் இருந்தது. அவன்தான் அதைவிட்டு விலகி, தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் நீட்டிப் பார்த்தான்.

"இழுத்துடுச்சு," என்றான். "பாத்தியா? என் கைதான். இழுத்துடுச்சு."

குஸ்தலின் கண் கோல்மேல் போயிற்று.

"முடிஞ்சுதுடா. இந்த ஹூபர்ட்டுக்குத் தொப்பியைக் கவுத்திடுறேன். எல்லாருக்கும் நிம்மதி." லுட்விக்கின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மால்கா கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கேட்டபடியே, ஓர் எழுத்து பிசகாமல்.

ஆனால் புதருக்குள் பன்றி இருந்தது.

இருவரும் நடந்துபோய், குண்டு பட்ட இடத்தைப் பார்த்தார்கள். புல்லில் கறுத்த ரத்தம், நடுவே பச்சையாக ஏதோ. வயிற்றில் பட்டிருக்கிறது. செத்து விழ நாள் முழுக்க ஆகும். அதுவரை எதிரே வருகிற எதையும் கிழிக்கும். மோப்ப நாய்க்காரனைக் குஸ்தல் போனில் கூப்பிட்டான். அவன் செர்க்னிட்சாவில் மாமியார் வீட்டில் இருந்தான். கிளம்பி வர மதியம் ஆகும் என்றான்.

அப்போது மணி அடித்தது. கோயில் மணி.

இருவரும் ஒரே நேரத்தில் குழியின் மறுகரையைப் பார்த்தார்கள். பூசை முடிந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் அந்தக் குறுக்குப் பாதையில்தான் வருவார்கள். பெண்கள், குழந்தைகள். வழியில் செஸ்நட் கொட்டை பொறுக்கப் புதருக்குள் கை விடுவார்கள். மால்கா எப்போதும் முதல் ஆளாக வருவாள், அடுப்பில் இறைச்சி இருக்கும்.

லுட்விக் போன் போட்டான். மால்காவின் போன் அணைந்திருந்தது. குஸ்தல் தன் மனைவிக்குப் போட்டான். அதுவும் அப்படியே. கோயிலுக்குள் போகும்போது அணைத்தது, வீட்டுக்கு வந்துதான் நினைவு வரும்.

"கத்தினாலும் எதிர்க்காத்துல கேக்காது. சுத்திப் போய்த் தடுக்கலாம்," என்றான் குஸ்தல்.

"கல்குவாரியைச் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க சூப்பு குடிச்சிட்டு இருப்பாங்க. இல்லன்னா வேற என்னமோ ஆயிருக்கும்." லுட்விக் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றினான். தோட்டா கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடி விழுந்தது. "காயம் பண்ணினவன்தான் முதல்ல உள்ள போகணும். நான் போறேன். நீ பின்னால வா. நான் தப்பினா நீ சுடு. கண்டிப்பா தப்பிடுவேன்."

 நடுங்குகிற கையோடு இத்தனை நாள் காட்டுக்குள் போய் வந்தவன் இவன். தன் கைமேல் நம்பிக்கை இல்லாமல் ஒருநாளும் போனதில்லை. இன்று அப்படித்தான் போகப் போகிறான். முள்ளுக்குள் பன்றி பாயும்போது, சுடலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணம் போதும்.

"லுட்விக். உன் கை இல்லடா."

"என்னது?"

"கோல்தான் வழுக்குச்சு. நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன்."

லுட்விக் அவனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அன்பாகச் சிரித்தான், அதுதான் தாங்க முடியவில்லை.

"நல்ல மனுஷன்டா நீ. பொய் சொல்லத்தான் வரலை உனக்கு. விடு, வா."

"பொய் இல்லடா!"

"எனக்கு ஆறுதல் சொல்ற நேரமா இது? மணி அடிச்சு முடிஞ்சுது."

குஸ்தல் ஓடிப்போய்க் கோலை எடுத்துவந்தான். கத்தியால் மான்தோல் வளையத்தை நெம்பிப் பிய்த்தான். நீள ராவிய துளை பல்லிளித்தது. மெழுகு இன்னும் அதன் ஓரத்தில் அப்பியிருந்தது. கவட்டையை அழுத்திக் காட்டினான். ஒரு விரல் அளவு சரிந்தது. சத்தமே இல்லை.

லுட்விக் குனிந்து பார்த்தான். துளைக்குள் விரலை விட்டான். விரலில் ஒட்டிய மெழுகை முகர்ந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, வேறு எதுவும் இல்லை.

"யாரு சொன்னது இப்படிப் பண்ண?"

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"நீயா." தலையை மெல்ல ஆட்டினான். "உனக்கு இவ்வளவு யோசனை ஓடாதுடா. ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிக்கிற."

மறுகரையில், தூரத்தில், பெண்களின் பேச்சுக் குரல் காற்றில் வந்து போயிற்று.

"உன் துப்பாக்கியை அந்த மரத்துல சாத்து," என்றான் லுட்விக்.

"எதுக்கு?"

"என் முதுகுக்குப் பின்னால நீ துப்பாக்கியோட வர வேண்டாம். இன்னிக்கு வேண்டாம். முன்னால நட."

"ரெண்டு துப்பாக்கி இருந்தா..."

"எனக்குக் கோல் வேணும். நீ செஞ்ச கோல் உதவாது. நீ வா."

குஸ்தல் துப்பாக்கியை மரத்தில் சாத்தினான். அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

முள்ளுக்குள் பன்றி போட்ட சுரங்கம் இடுப்பு உயரம்தான் இருந்தது. குனிந்து, தவழ்ந்து, நடுவே இருந்த சிறு வெட்டவெளிக்கு வந்து நிமிர்ந்தார்கள். இலைகளில் ரத்தம் பூசியிருந்தது. கனத்த வாடை, ஈரக் கம்பளியும் சாக்கடையும் கலந்த மாதிரி. குஸ்தலின் வலது தோளில் ஏதோ இறங்கியது. துப்பாக்கிக் குழல்.

அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் தோளெலும்பு வழியாக அந்த நடுக்கம் பல்வரை வந்தது. இத்தனை நாள் குஸ்தல் தூரத்திலிருந்து பார்த்துத் தீர்ப்பு சொன்ன அந்தக் கையின் நடுக்கம் இப்போது அவன் காதோரம் இருந்தது.

"அசையாதே," என்றது பின்னாலிருந்து குரல்.

எதிரே புதர் மூச்சு விட்டது. கரகரவென்று, ஈரமாக. பிறகு நின்றது.

புதரின் மறுபக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள். மிக அருகில். முள் இடைவெளியில் சிவப்பாக ஒரு தலைத்துணி தெரிந்தது. குஸ்தலுக்கு அந்தத் துணியைத் தெரியும். லுட்விக்கே மால்காவுக்கு ல்யுப்லியானா சந்தையில் வாங்கிக் கொடுத்தது.

பன்றி எழுந்தது. சிவப்புத் துணிக்கும் அவர்களுக்கும் நட்ட நடுவில்.

சிரிப்பு வந்த பக்கம் அது தலையைத் திருப்பியது. குஸ்தல் யோசிக்கவில்லை. "ஹேய்!" என்று கத்தினான். பன்றி திரும்பியது. சின்னக் கண்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. அடுத்த நொடி முள்ளை முறித்துக்கொண்டு வந்தது.

சுடு, என்றது குஸ்தலின் உடம்பு முழுக்க. சுடு, சுடு.

லுட்விக் சுடவில்லை.

குழல் நடுங்கியது, வெடிக்கவில்லை. பன்றிக்கு நேர் பின்னால் சிவப்புத் துணி நின்றுகொண்டிருந்தது. குஸ்தலுக்குக் கீழே குனிந்துவிட வேண்டும்போல் இருந்தது. குனிந்தால் குழலுக்குத் தாங்கல் இல்லை. முழங்கால்களை இறுக்கிக்கொண்டு நின்றான். வெள்ளைப் பற்கள் வந்தன. எச்சிலும் ரத்தமும் வந்தன. பன்றி இடையில் இருந்த ஒரு தாழ்ந்த பாறையிலிருந்து சரிவுக்குள் இறங்கியது. அதன் முதுகுக்குப் பின்னால் இப்போது வெறும் மண்மேடு.

உலகம் வலது காதுக்குள் வெடித்தது.

குஸ்தல் கண்ணைத் திறந்தபோது பன்றியின் மூக்கு அவன் பூட்ஸின்மேல் கிடந்தது. ஒரு முறை துடித்தது. பிறகு இல்லை. வலது காதில் ஓயாத ஒரு விசில். கழுத்தில் ஏதோ சூடாக வழிந்தது.

லுட்விக் வெட்டவெளியில் நின்ற ஊசியிலைக் கன்றில் கொத்து ஒன்றை ஒடித்து, பன்றியின் வாயில் வைத்தான். கடைசிக் கவளம், செத்த விலங்குக்கு வேட்டைக்காரன் செய்யும் மரியாதை. அதன் பின் சுட்டவனைப் பாராட்டும் கொத்தைக் கூட வந்தவன் ஒடித்துத் தர வேண்டும். குஸ்தல் ஒடித்தான். ரத்தத்தில் தொட்டான். தொப்பியைக் கழற்றி, அதன்மேல் கொத்தை வைத்து நீட்டினான். லுட்விக் அதைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளவில்லை.

"அதோ வர்றா. அவகிட்ட குடு," என்றான்.

மால்கா முள்ளை விலக்கிக்கொண்டு வந்தாள். தலைத்துணி கழுத்தில் சரிந்திருந்தது. முதலில் கணவனைப் பார்த்தாள். உயிரோடு இருந்தான். பிறகு பன்றியை. பிறகு குஸ்தலின் கழுத்தில் வழிந்த ரத்தத்தை.

"என்ன அண்ணே இது? என்ன ஆச்சு?"

 குஸ்தலின் கையில் தொப்பியும் கொத்தும் நீட்டியபடியே இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

 லுட்விக் துப்பாக்கியிலிருந்து வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளினான். புதிதாக ஒன்றை ஏற்றினான். இந்த முறை நழுவவில்லை.

"தொப்பி கவுக்கிறதைப் பத்தி ஏதோ சொன்னேனே," என்றான் குஸ்தலைப் பார்த்து. "அதை மறந்துடு. அடுத்த ஞாயித்துக்கிழமை இதே இடம். கோல் எதுவும் செய்யாதே. நீ மட்டும் வா."

"லுட்விக், வேண்டாம்," என்றாள் மால்கா.

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "என் கை எந்த லட்சணத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுலதானே உங்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு ஆசை? தோள்ல வச்சே காட்டுறேன். நீ வரலைன்னா தனியாப் போவேன். கோல் இல்லாமப் போவேன். அப்புறம் குண்டு எங்க போகுதோ, அது உங்க பாடு."

மேலே பாதையில் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. மால்கா குஸ்தலைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மறுத்தால் இவன் தனியாகப் போவான். சொன்னதைச் செய்கிறவன். குஸ்தல் அந்தக் குழந்தைகளின் சத்தத்தை இடது காதால் மட்டும் கேட்டான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

லுட்விக் சுற்றிவந்து, கேட்கிற காதுப் பக்கமாக நின்றுகொண்டான்.

"பூசைக்கு முதல் மணி அடிச்சதும் வா. அதே தோள்லதான் வைப்பேன், பயப்படாதே. இந்தக் காதாவது மிஞ்சட்டும்."